புழுக்கைக்காரியும் இரண்டு மாதப் பட்டினியும்

ஊரில் அவளுக்குப் பெயர் புழுக்கைக்காரி. கேலிக்கு வைத்த பெயர்தான், அப்படியே ஒட்டிக்கொண்டது. வனத்துறை அலுவலகத்துக்கு மாற்றலாகி வருகிறவர்கள்கூட, "இங்க புழுக்கைக்காரி அம்மா யாரு?" என்றுதான் விசாரிப்பார்கள். பெயரில் பொய் ஒன்றும் இல்லை. மாதத்தின் முதல் நாலைந்து நாள் முழுக்க அவள் காட்டுக்குள் குனிந்து மான் புழுக்கை எண்ணிக்கொண்டிருப்பாள்.

அவள் கணவன் கடைத்தெருவில் சைக்கிளும் பைக்கும் பழுது பார்ப்பவன். யாராவது புது ஆள், "வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கியபடியே, "கணக்கு வேலை" என்பான். "என்ன கணக்கு?" என்று தொடர்ந்தால், "அதை மட்டும் கேக்காதீங்க, சாப்பாட்டு நேரம்" என்பான்.

அவர்கள் ஊருக்கு மேலே இருந்த காடு பெரிய காடு இல்லை. ஒரு மலைச்சரிவு, அதன் நடுவே ஒரு குளம், கீழே ஒரு புல்வெளி, அவ்வளவுதான். ஒரு பக்கம் செங்கல் சூளைகளும் நெடுஞ்சாலையும், மறுபக்கம் அவரை வயல்கள். உள்ளே இருந்த மான்களுக்கு வேறு எங்கும் போக வழி கிடையாது. இருக்கிற இடத்தில்தான் தின்று, குடித்து, குட்டி போட்டு, செத்துப்போக வேண்டும்.

இருபத்துநாலு வயதில், தீ பரவாமல் இருக்கச் சருகு கூட்டும் தினக்கூலியாக அவள் அங்கே சேர்ந்தாள். புழுக்கை எண்ணும் வேலை ஆண்கள் யாரும் தொட விரும்பாததால் அவள் தலையில் வந்து விழுந்தது. காட்டுக்குள் பதினான்கு கோடுகள். வெள்ளையடித்த கற்கள்தான் அடையாளம். கோட்டின்மேல் நடந்து, இருபது அடிக்கு ஒருமுறை ஒரு மீட்டர் சதுர மரச்சட்டத்தைத் தரையில் போட வேண்டும். சட்டத்துக்குள் எத்தனை புழுக்கை, புல் எத்தனை விரல் உயரம், எந்தச் செடியின் நுனி கடிபட்டிருக்கிறது என்று எழுத வேண்டும். முயல் கடித்தால் கத்தரியால் வெட்டியதுபோலச் சாய்வாக இருக்கும். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, பிய்த்து இழுக்கும், நுனி நார்நாராக நிற்கும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பத்தொன்பது வருஷம் குனிந்து பார்த்தால் கல்லும் பேசிவிடும் என்பது அவள் கணவனின் கருத்து.

எழுதிய நோட்டை ஐந்தாம் தேதி ரேஞ்சரிடம் கொடுப்பாள். அவர் திறக்காமலே அட்டையில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைப்பார். ஆறு ரேஞ்சர்கள் அப்படி வைத்தார்கள். ஒருவர்கூடப் பக்கத்தைப் புரட்டியதில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தக் கோடை வரும்வரை.

மானின் வருஷம் அவளுக்கு மனப்பாடம். மழை விழுந்து நாலு மாதம் இளம்புல். அப்போது மான்களுக்கு மினுமினுவென்று தோல் பளபளக்கும். பிறகு புல் முற்றிக் கயிறாகிவிடும். அந்த நேரத்தில் இலந்தைப் பழம், நெல்லிக்காய், உதிர்ந்த பூ, உதிர்ந்த இலை. அதுவும் தீர்ந்தால் வாகை மரத்து நெற்றுகள். நெற்றும் தீர்ந்து, மழையும் வராமல், நடுவில் இரண்டு மாதம் ஒன்று உண்டு. அந்த இரண்டு மாதத்தைத் தாங்கியது கீழே குளத்தோரப் புல்வெளிதான். ஈரம் இருந்ததால் அங்கே மட்டும் கோடையிலும் பச்சை இருக்கும். பத்து மாதம் விருந்து போட்டுவிட்டு இரண்டு மாதம் அடுப்பைப் பற்றவைக்கவில்லை என்றால் அந்த வீட்டில் யார் உயிரோடு இருப்பார்கள்? காடும் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் புல்வெளியைத்தான் உண்ணிச்செடி பிடித்துக்கொண்டது. எப்போதோ யாரோ பூவுக்கு ஆசைப்பட்டுத் தோட்டத்தில் வைத்த செடி. பறவை தின்று போட்ட இடமெல்லாம் முளைத்தது. மான் அதைத் தொடாது. தொட்டால் அதற்கு ஆகாது. ஏழெட்டு வருஷத்தில் ஆள் உயரத்துக்கு, முள்ளும் பூவுமாக, புல்வெளியில் முக்கால்வாசியை மூடிவிட்டது. தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்குக் காடு பச்சைப்பசேல் என்றுதான் தெரியும். வயிற்றுக்கு ஆகிற பச்சை அதில் ஒரு வாய்கூட இல்லை.

மான்கள் வயலுக்கு இறங்கின. முதல் வருஷம் ஓரத்து வரிசை போயிற்று. அடுத்த வருஷம் பாதி வயல். இந்த வருஷம் கோடை தொடங்கியதுமே விவசாயிகள் திரண்டுபோய் மனுக் கொடுத்தார்கள். துறையிலிருந்து ஆட்கள் ஜீப்பில் வந்து, ஒரு வாரம் குளக்கரையில் உட்கார்ந்து மான் எண்ணினார்கள். நூற்று எழுபது என்று கணக்கு வந்தது. 'மான் பெருகிவிட்டது' என்று அறிக்கை போயிற்று. எண்பது மான்களை விரட்டிப் பிடித்து லாரியில் ஏற்றி வேறு காட்டில் விடுவது என்று உத்தரவு வந்தது. வருகிற திங்கட்கிழமை. ஐந்து லாரி, நாற்பது ஆள்.

"சார், கோடையில குளம் ஒண்ணுதான் தண்ணி. ஒரே மான் காலையில ஒருவாட்டி வரும், சாயங்காலம் ஒருவாட்டி வரும். ரெண்டையும் எண்ணிட்டாங்க சார்" என்று அவள் ரேஞ்சரிடம் சொன்னாள்.

ரேஞ்சர் கெட்டவர் இல்லை. மேலிருந்து நெருக்கடி, கீழிருந்து நெருக்கடி. நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த மனிதர். "ஏம்மா, உத்தரவு கையெழுத்தாகி வந்தாச்சு. நீ புழுக்கையைப் பாரு, நான் பேப்பரைப் பாக்கறேன்" என்றார்.

"என் கணக்குல தொண்ணூறு, நூறுக்கு மேல இல்ல சார். அதுல எண்பதைப் பிடிச்சா மிச்சம் என்ன இருக்கும்?"

அவர் ஃபைலை மூடினார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் வயல் ஓரமாகக் கோட்டைப் பார்க்கப் போனாள். அவள் அண்ணனின் அவரை வயல் காட்டை ஒட்டித்தான் இருந்தது. வரப்பில் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கையில் கம்பிச்சுருள். காலடியில் செம்பழுப்பாக ஏதோ கிடந்தது.

அவள் கிட்டே போகும்வரை அவன் திரும்பவில்லை.

பெட்டை மான். கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. மார்பில் கம்பி பட்ட இடம் கருகியிருந்தது. மோட்டார் கொட்டகையிலிருந்து வேலி வரை ஒரு வயர் இழுத்த தடம் ஈர மண்ணில் அப்படியே கிடந்தது.

"பாப்பா," என்றான் அண்ணன். நாற்பத்துமூன்று வயதுத் தங்கையை இன்னும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "வயரைக் கழட்டிட்டேன். பள்ளம் தோண்டிப் புதைச்சிடறேன். நீ இந்தப் பக்கம் வரவே இல்லன்னு வெச்சிக்கோ."

"வந்துட்டேனே அண்ணா."

"மூணு வாட்டி விதைச்சேன். மூணு வாட்டியும் தின்னுட்டுப் போயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

"வயர்ல நாளைக்கு மனுஷன் கால் வெச்சா? அண்ணி கால் வெச்சா?"

அவன் கம்பிச்சுருளைக் கைமாற்றிக்கொண்டான். பிறகு குரலை இறக்கி, "உனக்கு நான் வேணுமா, மான் வேணுமா?" என்றான்.

அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்துக்கு அவளைத் தோளில் தூக்கிப்போனவன் இவன். கல்யாணத்தைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடத்தியவன். சொன்னால் அவனை உள்ளே தள்ளிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால், திங்கட்கிழமைக்குள் வரிசையாக எல்லா வயலிலும் வயர் இழுப்பார்கள். ஒருவன் தப்பித்தால் பத்துப் பேருக்குத் துணிச்சல் வரும்.

"நான் போன் பண்ண மாட்டேன்," என்றாள். "நீயே ரேஞ்சர்கிட்ட போய்ச் சொல்லு. தானா வந்து சொன்னா அதுக்கு ஒரு மரியாதை உண்டு. பத்து மணி வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன். பத்து அடிச்சும் யாரும் வரலன்னா, அப்ப நான் சொல்லித்தான் ஆகணும்."

அண்ணன் அவளை முறைத்துப் பார்த்தான். கம்பிச்சுருளை அங்கேயே விட்டெறிந்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். சாலை வளைவில் எந்தப் பக்கம் திரும்பினான் என்று அவளுக்குத் தெரியவில்லை. இடது பக்கம் அலுவலகம். வலது பக்கம் பேருந்து நிலையம்.

மணி ஏழரை. ஈக்கள் வரத் தொடங்கின. முந்தானையால் விசிறியபடி உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்கு அண்ணி ஓடிவந்தாள். தலை வாரியிருக்கவில்லை. "கூடப் பொறந்தவனைக் காட்டிக்கொடுக்கப் போறியாமே? நல்லா இரு தாயே, நல்லா இரு!" என்று அழுதுவிட்டு, வரப்பிலேயே சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் ஒரு செத்த மானுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. புழுக்கைக்காரி போனைக் கையில் எடுப்பதும் மடியில் வைப்பதுமாக இருந்தாள். நெற்றியில் வேர்த்துக் கண்ணில் வழிந்தது.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அண்ணன் மட்டும் தனியாக வந்தான். வண்டியை நிறுத்தவும் தெம்பில்லாமல் சாயவிட்டுவிட்டு வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகக் கால் வரல. பஸ் ஸ்டாண்டுக்கும் போனேன். அங்கயும் ஏறத் தோணல." கையை நீட்டினான். "நம்பரைப் போட்டுக் குடு. நானே பேசறேன்."

அவள் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். அவன் பேசி முடிக்கும்வரை அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பதினோரு மணிக்கு ரேஞ்சரும் கால்நடை டாக்டரம்மாவும் வந்தார்கள். வாகை மர நிழலில் தார்ப்பாய் விரித்தார்கள். அண்ணனை ஜீப்பின் பின்சீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். அண்ணி ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ரேஞ்சருக்கு வருத்தம் இருந்தாலும், கூடவே ஒரு நிம்மதியும் முகத்தில் தெரிந்தது. "பாத்தியாம்மா? இதுக்குத்தான் பிடிச்சாகணும்ங்கறேன். வயலைத் தின்னுதான் கொழுத்துத் திரியுது."

டாக்டரம்மா சின்னப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேசாமல் கையுறை மாட்டி வேலையைத் தொடங்கினாள். இரைப்பையைத் திறந்து உள்ளே இருந்ததை வாளித் தண்ணீரில் அலசினாள். புழுக்கைக்காரி பக்கத்தில் குந்தினாள். தண்ணீரில் மிதந்ததை அவள்தான் அடையாளம் சொன்னாள். "இது மரப்பட்டை. இது காஞ்ச சருகு. இது இலந்தை முள்ளு, பழம் இல்ல, வெறும் முள்ளு. இது பாலித்தீன் பை, சூளைப் பக்கம் கிடக்கறது. அவரை இலை... இந்தா, இவ்வளவுதான்." ஒரு பிடிகூட இல்லை.

"இது வயலைத் தின்னு கொழுத்த மானா டாக்டரம்மா?" என்று கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டாக்டரம்மா வாளியை நகர்த்திவைத்தாள். பிறகு தொடை எலும்பை எடுத்து, நடுவில் உடைத்து வெயிலில் பிடித்தாள். "சார், கொஞ்சம் இங்க வாங்க. நல்லா இருக்கற மானுக்கு உள்ள இருக்கற மஜ்ஜை நெய் உறைஞ்ச மாதிரி வெள்ளையா, கெட்டியா இருக்கும். உடம்புல வேற எங்கயும் கொழுப்பு இல்லன்னாதான் கடைசியா இதுல கை வைக்கும்."

எலும்புக்குள் இருந்தது சிவப்பாக, கூழாக, தளதளவென்று வழிந்தது.

ரேஞ்சர் குனிந்து பார்த்தார்.

"இது கரண்டுல சாகலன்னா இன்னும் ரெண்டு வாரத்துல பட்டினியில செத்திருக்கும்," என்றாள் டாக்டரம்மா. "இந்த நிலைமையில இருக்கற மந்தையைத் தகரம் அடிச்சு விரட்டினா, ஓட்டத்துலயே பாதி விழும். லாரியில மீதி விழும். நான் எழுதிக் குடுக்கறேன் சார்."

"எழுதுங்க," என்றார் ரேஞ்சர் கம்மிய குரலில். "ஆனா லாரி கிளம்பியாச்சு."

அண்ணனை அன்றே அழைத்துப்போய்விட்டார்கள். அண்ணி வீட்டுக் கதவை நாத்தனார் முகத்திலேயே சாத்தினாள். சனியும் ஞாயிறும் புழுக்கைக்காரி வீட்டில் சோறு வடித்தாள், துணி துவைத்தாள். கணவன் வழக்கமான நையாண்டி எதுவும் செய்யாமல், கடையை மூடிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஞாயிறு சாயங்காலம் அவள் அலுவலகத்துக்குப் போய், அலமாரியைத் திறந்து, பத்தொன்பது வருஷத்து நோட்டுகளையும் வெளியே எடுத்தாள். ரேஞ்சர் தடுக்கவில்லை. அவரே இரண்டு கட்டுகளைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை புல்வெளியின் வாயில் பச்சைத் துணிச்சுவர் எழும்பியிருந்தது. அகன்று தொடங்கிப் போகப்போகக் குறுகி, கடைசியில் லாரியின் பின்கதவில் போய் முடிகிற துணிச்சுவர். நாற்பது ஆட்கள் தகர டின்னும் கம்புமாக மேட்டில் வரிசை கட்டியிருந்தார்கள். விசில் ஊத வேண்டியதுதான் பாக்கி. பெரிய அதிகாரி தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்திறங்கினார். டாக்டரம்மாவின் கடிதத்தைப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஒரு மானை வெச்சு ஒரு காட்டை முடிவு பண்ண முடியுமா?" என்றார்.

"ஒரு மான் இல்ல சார்," என்றாள் புழுக்கைக்காரி. தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "பத்தொன்பது வருஷத்து நோட்டு ஜீப்புல இருக்கு. ஒரு மணி நேரம் என்கூட நடங்க. பாத்துட்டு அப்புறமும் பிடிக்கணும்னு தோணிச்சுன்னா பிடிங்க, நான் பேச மாட்டேன்."

அதிகாரி ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர், "பாத்துட்டு வரலாம் சார். வெயில் ஏறறதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் அவரை இன்றுவரை மறக்கவில்லை.

நடந்தார்கள். முதலில் மரங்களைக் காட்டினாள். தரையிலிருந்து ஒரு ஆள் உயரம் வரை எல்லா மரமும் மொட்டை. அதற்கு மேலேதான் இலை. கோடு போட்டு முடிவெட்டியதுபோலச் சீராக இருந்தது. "ரெண்டு கால்ல எழும்பி நின்னா எட்டற உயரம் சார் இது. எட்டற வரைக்கும் தின்னாச்சு." பிறகு ஒரு மரத்தடியில் பட்டை உரிந்த இடத்தில் அதிகாரி தானாகவே நின்று விரலால் தடவிப் பார்த்தார். கீழே லாரிக்காரர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் மந்தை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மந்தை மிரண்டு தானாகவே அந்தத் துணிவாய்க்குள் ஓடிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

உண்ணிச்செடிப் புதருக்குள் சட்டத்தைப் போட்டாள். "எண்ணுங்க சார்."

"நானா?"

"நான் எண்ணினா நம்ப மாட்டீங்களே."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குந்தினார். தொப்பி முள்ளில் மாட்டியது. இரண்டே இரண்டு புழுக்கை, அதுவும் காய்ந்துபோனது. ஐம்பது அடி தள்ளி ஒரு சின்ன இடத்துக்கு அழைத்துப்போனாள். ஒரு வீட்டுக் கொல்லை அளவுதான் இருக்கும். மூன்று வருஷம் முன்பு, ஓய்வு நாட்களில், தனியாளாக அவள் உண்ணிச்செடியை வெட்டிச் சுத்தம் செய்த இடம். சும்மா மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். மண்ணுக்கடியில் வேரின் கழுத்தை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயப்போட வேண்டும். அங்கே புல் திரும்பி வந்திருந்தது. அதை மான்கள் கம்பளம்போல ஒட்டக் கடித்திருந்தன. சட்டத்துக்குள் அதிகாரி எண்ண ஆரம்பித்தார். பதினைந்தில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முப்பத்தொன்று.

"எல்லாம் இந்தத் துண்டு இடத்துக்குத்தான் வருது," என்றாள் அவள். "அஞ்சு வருஷம் முன்னாடி எந்தப் பக்கம் சட்டம் போட்டாலும் சராசரி ஒம்பது. இப்ப நாலு. மான் பெருகல சார். சோறு சுருங்கிடுச்சு. மந்தையைப் பிடிச்சுட்டுப் போனாலும், மிச்சம் இருக்கறதும் இந்த ரெண்டு மாசம் வயலுக்குத்தான் இறங்கும். அடுத்த வருஷம் மறுபடி லாரி வரணும்."

அதிகாரி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"மழை வரைக்கும்," என்றார் கடைசியில். "எப்படியும் அம்பது நாள். இந்தத் துணி, லாரி எல்லாத்தையும் திருப்பி அனுப்பறேன். இந்த நாற்பது ஆளையும் உங்ககிட்ட விடறேன், செடியை வெட்டுங்க. ஆனா அதுக்குள்ள வயல்ல மான் இறங்கிச்சுன்னு ஒரு புகார் வந்தாலும் நான் மறுபடி வருவேன்."

மழை வரும்வரை அவள் ஒருநாள்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. தவிட்டைக் கொண்டுவந்து கொட்டலாம் என்று ஒருவர் சொன்னார். டாக்டரம்மா கூடாது என்றாள், வெறும் வயிற்றில் தானியம் விழுந்தால் மான் உப்பிச் செத்துப்போகும். அதனால் மேல்சரிவில் எட்டாத உயரத்தில் இருந்த வாகைக் கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வயலுக்கு எதிர்ப்பக்கமாகப் போட்டார்கள். குளத்திலிருந்து வாய்க்கால் இழுத்து, சுத்தம் செய்த இடத்தை நனைத்தார்கள். விவசாயிகள் முறைவைத்து வயலோரம் நின்றார்கள்; முணுமுணுத்துக்கொண்டேதான் நின்றார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு கிழக் கிடா செடிப்புதருக்குள் செத்துக் கிடந்தது. இருபதாம் நாள் ஒரு குட்டி. தப்பு பண்ணிவிட்டோமோ, லாரியில் போயிருந்தால் பிழைத்திருக்குமோ என்று மனசு பிசைந்தது. கேட்டதற்கு டாக்டரம்மா, "எனக்கும் தெரியலம்மா" என்றாள். அந்தப் பதில் அவளுக்குப் பொய்யான ஆறுதலைவிடப் பரவாயில்லையாக இருந்தது.

இருபத்தாறாம் நாள் அண்ணன் ஜாமீனில் வந்தான். தானாகச் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்று வக்கீல் சொன்னார். மறுநாள் காலை, கூப்பிடாமலே, மண்வெட்டியோடு புல்வெளியில் வந்து நின்றான். இளைத்திருந்தான். தங்கையிடம் பேசவில்லை. செடியின் கழுத்தைத் தேடி வெட்டிக் கவிழ்த்தான். பத்துச் செடி வெட்டிய பிறகு, "தலைகீழாத்தானே வைக்கணும்?" என்று கேட்டான். "ஆமா அண்ணா" என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

நாற்பத்தெட்டாம் நாள் பிற்பகல் மழை பெய்தது. தூறல் இல்லை, ஊற்றுகிற மழை. நாற்பது பேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நனைந்தபடி நின்றார்கள். அவள் மட்டும் வயலோரமாக ஓடி, புகார் எதுவும் வந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு வந்தாள். வரவில்லை. லாரியும் வரவில்லை.

உண்மை அவளுக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணி முதல் முறையாகக் கதவைத் திறந்து, டம்ளரில் டீ கொடுத்து உட்காரவைத்த நாளில். அடுப்படியிலிருந்தபடியே அண்ணி சொன்னாள்: "நாப்பத்தோராம் நாள் காலையில குட்டியோட ஒரு மான் நம்ம வயல்ல நின்னுச்சு. ரெண்டு வரிசை தின்னுடுச்சு. உங்கண்ணன் கையைத் தட்டி விரட்டிட்டு, விளக்குமாறு எடுத்துட்டுப் போய்க் குளம்புத் தடத்தையெல்லாம் கூட்டினாரு. பக்கத்து வயக்காரன் கேட்டதுக்கு, ஆடு புகுந்துடுச்சுன்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்குச் சத்தியம்."

அண்ணன் திண்டாடிப்போய் வாசல்பக்கம் பார்த்துக்கொண்டு, "டீ ஆறுது பாப்பா, குடி" என்றான்.

வழக்கு அடுத்த வருஷம்தான் முடிந்தது. ஆறு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் காட்டில் வேலை செய்ய வேண்டும் என்று தீர்ப்பானது. அவன் அதற்கு முன்பே செய்துகொண்டிருந்த வேலை. புல்வெளியில் பாதி மீண்டிருக்கிறது. மீதிப் பாதியில் உண்ணிச்செடி இன்னும் நிற்கிறது. வெட்டிய இடத்திலும் விதை முளைத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மறுபடி பிடுங்க வேண்டியிருக்கிறது. அடுத்த கோடையில் வயலுக்கு மூன்று தடவைதான் மான் இறங்கியது. ரேஞ்சர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் முதல் ஐந்தாம் தேதி நோட்டை வாங்கி, உட்காரச் சொல்லி, கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, "ஏழாவது கோட்டுல புல் ஏன் குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

அந்த மாதிரிக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. "நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் சார்" என்றாள்.